கைக்கு ஒரு வேலை

எனக்கு ஆறு வரி போதும். அசையாத படம் ஒன்றைக் கையில் கொடுத்தால், இயந்திரத்துக்கு எழுதும் ஆறே வரி பிராம்ப்டில் அதை மூச்சு விட வைப்பேன். தூத்துக்குடிக்குத் தெற்கே எந்தக் கடற்கரை ஊரில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பிரகாசி கடை என்றால் வழி சொல்வார்கள். மற்றவர்கள் முப்பது வரி எழுதிவிட்டு, மூன்று காதும் ஏழு விரலுமாக ஒரு பூதத்தை வாங்கிக்கொண்டு போய்த் துக்க வீட்டுக்காரர்கள் முன்னால் நிற்பார்கள். எனக்கு அந்தப் பிழைப்பு கிடையாது.

எங்கள் பக்கத்தில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், சர்ச்சை ஒட்டிய பங்கு மண்டபத்துச் சுவர்த்திரையில் அவருடைய கடைசிப் போட்டோ எட்டு விநாடி அசையும். அவர் திரும்புவார், சிரிப்பார், முந்தானையைச் சரிசெய்வார். இதற்கு அசைபடம் என்று பெயர். ஆரம்பத்தில் வசதியானவர்கள்தான் செய்தார்கள். இப்போது அசைபடம் இல்லாத முப்பதாம் நாள், காப்பி கொடுக்காத கல்யாண வீடு மாதிரி. திரையின் மூலையில் 'இயந்திரத்தால் அசைவிக்கப்பட்டது' என்று சின்ன எழுத்தில் போட வேண்டும் என்பது சட்டம். நானும் ஒழுங்காகப் போடுகிறேன். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

என் கடையில் இருக்கிற இயந்திரத்தை நான் கழுதை என்றுதான் கூப்பிடுவேன். எவ்வளவு சுமையையும் தூக்கும், ஆனால் எங்கே போக வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். படத்தில் ஏற்கெனவே இருப்பதை அதனிடம் திரும்பச் சொல்லக் கூடாது. நீலச் சட்டை போட்ட ஆள் என்று எழுதினால், இருக்கிற நீலச் சட்டைக்காரர் பக்கத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். எது அசைய வேண்டுமோ அதை மட்டும் சொல்ல வேண்டும். அழாதே என்று எழுதினால் அழும். உதடு மூடியிருக்கிறது என்று எழுதினால் பேசாமல் இருக்கும். கடைசியில் எதைக் காட்டி முடிக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால், கடற்கரையில் ஆரம்பித்துக் கல்யாண வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம் கை. படத்தில் இருக்கிற ஒவ்வொரு கைக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். சும்மா விட்டால் விரலெல்லாம் மெழுகு மாதிரி உருகிவிடும். இதை நான் மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன், மூன்று பேரும் இன்றைக்கு எனக்கே போட்டிக் கடை வைத்திருக்கிறார்கள்.

போன செப்டம்பரில் அமலி வந்தாள். அவளுடைய அண்ணன் காஸ்பர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூண்டில் வளைவில் வழுக்கிக் கடலில் விழுந்து இறந்துபோனார். தூண்டில் வளைவு என்பது கடல் அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கிற பாதை. குடும்பத்தோடு போயிருந்தார்கள். காஸ்பர், அவர் மனைவி டெல்பின், ஆறு வயது மகள் ரியோனா, அமலியின் புருஷன் தொம்மை. மற்ற எல்லாரும் கரைக்குத் திரும்பி நடந்த பிறகு, போட்ட தூண்டிலைச் சுருட்ட காஸ்பர் மட்டும் பின்தங்கினார். அப்போது வழுக்கி விழுந்தவரை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. போலீஸ் வந்து விசாரித்து, விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

அன்றைக்குத் தொம்மை எடுத்த போட்டோதான் கடைசிப் படம். வளைவின் நுனியில் காஸ்பர் நிற்கிறார். படத்தின் ஓரத்தில் டெல்பின், ஒரு கையை அவர் பக்கம் நீட்டியபடி. நான் டெல்பினை வெட்டி எடுத்துவிடவா என்று கேட்டேன். மைனியும் இருக்கட்டும், பாவம் என்றாள் அமலி. அண்ணன் கடலைப் பார்த்து ஒரு சிரி சிரித்தால் போதும் என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் வழக்கம்போல முதலில் படத்தைக் கழுவினேன். கழுவுவது என்றால் மரியாதைக்கு ஒவ்வாததை எல்லாம் நீக்குவது. பின்னால் கிடந்த பிளாஸ்டிக் பையை எடுத்தேன், சட்டையில் இருந்த மீன் கறையை எடுத்தேன், காஸ்பர் விளையாட்டுக்காகப் போட்டிருந்த ரோஸ் கலர் கூலிங் கிளாஸை எடுத்தேன். செத்தவர் முகத்தில் அது நன்றாக இருக்காது, கண் தெரியாமல் சிரிப்பும் எடுபடாது. மொத்தம் நாற்பது விநாடி வேலை. பிறகு ஆறு வரி எழுதினேன். அலை ஒருமுறை பாறையில் மோதி உயர்கிறது. ஆண் மெதுவாகக் கடல் பக்கம் திரும்பிப் புன்னகைக்கிறார். சட்டை காற்றில் அசைகிறது. பெண்ணின் கை முன்னே செல்கிறது. காமிரா நின்ற இடத்தில் நிற்கிறது. கடலைக் காட்டி முடிகிறது.

கழுதை முதல் தடவையிலேயே அருமையாகக் கொடுத்தது. காஸ்பர் முகத்தை முப்பது தடவை ஓட்டிப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது. ஓரத்தில் இருந்த கையில் ஐந்து விரலும் இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்த்தேன். ஐந்தும் இருந்தது.

முப்பதாம் நாள் மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன், எப்போதும் அப்படித்தான் நிற்பேன், ஜனங்கள் அழுவதைப் பார்க்கப் பிடிக்கும். திரையில் அலை எழுந்தது. காஸ்பர் திரும்பிச் சிரித்தார். டெல்பினின் கை முன்னே போய் அவர் தோளில் பட்டது. தோள் லேசாகக் கடல் பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகு வெறும் கடல்.

யாரும் அழவில்லை. பிறகு அமலி எழுந்து நின்று, "மைனி, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் யாராவது சமாதானப்படுத்தியிருப்பார்கள்.

அன்றைக்கு இரவே அமலி ரியோனாவைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த எட்டு விநாடி ஊரில் இல்லாத போன் இல்லை. போலீசில் விபத்து என்று சொன்ன தொம்மை, இப்போது யோசித்துப் பார்த்தால் கையை வைத்த மாதிரி ஒரு நினைவு இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அவர்தான் போட்டோ எடுத்தவர். அவர் போனில் அசலான படம் கிடக்கிறது. ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, அசைகிற படம் இருக்கும்போது நிற்கிற படத்தை யார் பார்ப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கமிட்டி கூடும், திங்கட்கிழமை போலீசுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர்க்காரர்களுக்கு அறிவில்லை, அசைபடத்தைப் போய்ச் சாட்சி என்று எடுத்துக்கொள்வார்களா, மூலையில் எழுதியிருப்பது கண்ணில் படவில்லையா என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் திட்டித் தீர்த்தேன். என் பேரில் தப்பு இருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டெல்பின் கடைக்கு வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, போனை என் மேஜைமேல் வைத்தாள். அதில் அந்த அசைபடம் ஓடிக்கொண்டிருந்தது.

"பிரகாசிக்கா, நாப்பது தடவைக்கு மேல பாத்துட்டேன்," என்றாள். "நான் தள்ளலன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நீங்கதான செஞ்சீங்க. சொல்லுங்க, நான் தள்ளுனேனா?"

அந்தப் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். அவள் ரியோனாவைப் பார்க்கப் போனாளாம். பிள்ளை அத்தை பின்னால் ஒளிந்துகொண்டு, அம்மா அப்பாவைத் தள்ளியதை நான் பார்த்தேன் என்று சொன்னதாம். போலீஸ், கமிட்டி எதுவும் அவளுக்குப் பெரிதில்லை. என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுகிறது அக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் போன பிறகு என் ஆறு வரியை எடுத்துப் படித்தேன். நான்காவது வரியில் நின்றேன். பெண்ணின் கை முன்னே செல்கிறது. அந்தக் கைக்கு அதை யார் சொன்னது? நான்தான் சொன்னேன். விரல் உருகிவிடக் கூடாதே என்று கைக்கு வாயில் வந்த ஒரு வேலையைக் கொடுத்தேன். ஆண் கடல் பக்கம் திரும்புகிறார், கை முன்னே போகிறது, கடலில் முடிகிறது. கழுதை மூன்றையும் சேர்த்து ஒரு காரியமாக்கிவிட்டது, அது அதன் வேலை. என் மகராசித்தனத்தை என்னவென்று சொல்ல! ஐந்து விரலை எண்ணியவள், அந்த விரல்கள் எங்கே போய்ப் படுகின்றன என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கமிட்டி கூடியது. அதே மண்டபம், அதே திரை. நான் கூப்பிடாமலே போனேன். பொம்பளைகள் பேசுவதற்கு இது இடமில்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். படம் செய்தவள் பேசாமல் பின்னே யார் பேசுவார்கள் என்று கேட்டுவிட்டு, கழுவி வைத்த படத்தைத் திரையில் போட்டேன். அவர்கள் கண் முன்னாலேயே நான்காவது வரியை மட்டும் மாற்றி எழுதினேன். பெண்ணின் கை அவர் நெற்றி வேர்வையைத் துடைக்கிறது என்றேன். துடைத்தது. பார்த்தால் அத்தனை பாசம். கை அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது என்றேன். இழுத்தது. ஒரு மனைவி புருஷனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று கோயிலில் வைத்துச் சத்தியம் செய்யலாம்.

தொம்மையிடம் கேட்டேன், இது நடந்ததா என்று. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வையைத் துடைத்தது ஞாபகம் வருகிற மாதிரி இருக்கிறது என்றார். அடுத்ததைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இழுத்ததும் பார்த்த மாதிரிதான் இருக்கிறது என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே முகம் மாறிவிட்டது. தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கமிட்டித் தலைவர் கேட்டார், அப்படியானால் மூன்றில் எதுதான் உண்மை என்று.

"மூணும் பொய்," என்று சொல்லி, ஓரமாக நின்ற டெல்பினைக் காட்டினேன். "மூணும் நான் எழுதுனது. இவ புருஷனத் தள்ளல. நான்தான் இவ கையப் பிடிச்சுத் தள்ள வச்சேன்."

போலீசுக்குப் போகிற பேச்சு அதோடு நின்றது. இனி மண்டபத்தில் அசைபடம் வேண்டாம் என்றும் அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். என் போட்டிக் கடைக்காரர்கள் மூன்று பேரும் என்னைச் சபித்திருப்பார்கள், சபிக்கட்டும். அமலி வெளியே வந்து டெல்பின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். நான்தானே உங்களை வெட்ட வேண்டாம் என்று சொன்னேன் மைனி என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

பெரியவர்களுக்கு விளக்கம் சொன்னால் புரிந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன விளக்கம் சொல்வது? ரியோனா அம்மாவிடம் போகவே மாட்டேன் என்றது. நான் பார்த்தேன், நான் பார்த்தேன் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பொய் என்று எத்தனை தடவை சொன்னாலும், கண்ணால் பார்த்ததை எப்படிப் பொய் என்று நம்பும்? செவ்வாய்க்கிழமை காலையில் அமலி, டெல்பின், ரியோனா மூன்று பேரையும் கடைக்கு வரச் சொன்னேன். என் கையால் ஆனது, என் கையாலேயே போகட்டும் என்று ஒரு திமிர்தான்.

பிள்ளை பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு அத்தையின் கையைப் பிடித்தபடி வந்தது. டெல்பின் நாலடி தள்ளி நின்றாள். ஒரு போட்டோ எடுக்கணும், அம்மா பக்கத்தில் நில்லு என்றேன். முடியாது என்றது. தொட வேண்டாம், கை எட்டுகிற தூரத்தில் நின்றால் போதும் என்று பேரம் பேசி நிறுத்தினேன். ஒரு படம் எடுத்தேன். அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில், தொடாமல்.

அந்தப் படத்தைக் கழுதைக்குக் கொடுத்து இரண்டே வரி எழுதினேன். சிறுமி இரண்டு கையாலும் பெண்ணைத் தள்ளுகிறாள். பெண் தடுமாறி விழுகிறாள். திரையை ரியோனா பக்கம் திருப்பி வைத்தேன். திரையில் ரியோனா இரண்டு கையாலும் அம்மாவைத் தள்ளியது. டெல்பின் தடுமாறிச் சாய்ந்து விழுந்தாள்.

பிள்ளை திரையைப் பார்த்தது. நிஜமாக நின்றுகொண்டிருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. முகம் கோணியது.

"நான் தள்ளல," என்றது.

"நான் பாத்தேனே," என்றேன்.

"நான் தள்ளவே இல்ல! நான் இங்கதான் நின்னேன். அம்மாட்ட கேளுங்க."

டெல்பின் இல்லை என்று தலையசைத்தாள். ரியோனா திரும்பவும் திரையைப் பார்த்தது, தன் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்துக்கொண்டது.

"ஆன்ட்டி, அது நீங்க சொல்லிக் குடுத்துச் செய்யுதா?" என்று கேட்டது.

ஆமாம், நான் என்ன எழுதுகிறேனோ அதைத்தான் செய்யும் என்றேன். உன் அப்பா படமும் அப்படித்தான் என்றேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. பிள்ளை தன்னுடைய கணக்கைத் தானே போடட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, நீங்கள் சொல்லிக் கொடுக்காத அப்பா படம் இருக்கிறதா என்று கேட்டது.

இருந்தது. தொம்மை அனுப்பிய அசல், கழுவுவதற்கு முன்னால் இருந்தபடியே. கமிட்டியில்கூட நான் கழுவிய படத்தைத்தான் காட்டினேன், எங்கள் தொழிலில் கழுவிய பிறகு அசலைத் திரும்பத் திறக்கிற பழக்கமே கிடையாது. அதைத் தேடி எடுத்துத் திரையில் போட்டேன். பிளாஸ்டிக் பை, மீன் கறை, காஸ்பர் முகத்தில் அந்த ரோஸ் கலர் கூலிங் கிளாஸ். சின்னப் பிள்ளைகள் போடுகிறது, பெரிய மீசைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு அந்த மனுஷன் உலகத்தையே ஜெயித்தவர் மாதிரி நிற்கிறார்.

ரியோனாவுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது.

"அது என் கண்ணாடி," என்றது. "அப்பா பிடுங்கிப் போட்டுட்டாங்க. நான் தொம்மை மாமா பக்கத்துல நின்னு குடு குடுன்னு அழுதேன். அம்மாதான் கழட்டி வாங்கிக் குடுத்தா."

சொல்லிக்கொண்டே பள்ளிக்கூடப் பையைத் திறந்து உள்ளே துழாவியது. நோட்டுகளுக்கு அடியிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து என் மேஜைமேல் வைத்தது. ரோஸ் கலர். ஒரு பக்கத்தில் கடல் உப்பு இன்னும் வெள்ளையாகப் படிந்திருந்தது.

நான் திரையையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தேன். நுனியில் நிற்கும்போது கண்ணாடி காஸ்பர் முகத்தில் இருந்தது. அந்த நேரத்தில் டெல்பின் தள்ளியிருந்தால் அது அவரோடு கடலுக்குள் போயிருக்கும். அது இங்கே இருக்கிறது. நீட்டிய கைக்கு ஒரு வேலை இருந்தது. நான் அந்த வேலையை நாற்பது விநாடியில் துடைத்து எடுத்துவிட்டு, காலியாகத் தொங்கிய கைக்கு என் வேலையைக் கொடுத்திருக்கிறேன்.

டெல்பின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆமா, கண்ணாடி," என்றாள். "கண்ணாடியத்தான் கழட்டுனேன். காது மடல்ல மாட்டிக்கிச்சுன்னு அவரு கத்துனாரு. அது எப்படிக்கா எனக்கு மறந்துச்சு?" அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். காஸ்பர் கத்தியது என்ன என்று மகளுக்குச் சொல்லிக் காட்டினாள். ரியோனா அத்தையின் கையை விட்டுவிட்டு அம்மா மடியில் போய் விழுந்தது. அமலி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நானும் அழுதேன். என் கடையில் உட்கார்ந்து நான் அழ எனக்கு யார் அனுமதி வேண்டும்?

கிளம்பும்போது ரியோனா அசல் படத்தைக் காட்டி, இதையும் அசைய வையுங்கள் ஆன்ட்டி, அம்மா கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி என்றது. எனக்கு விரல் துறுதுறுத்தது. ஆறு வரியும் மனசில் வந்து வரிசையாக நின்றன. இந்தத் தடவை கைக்கு என்ன வேலை என்றுகூடத் தெரியும். அச்சு அசலாகச் செய்து கொடுத்திருப்பேன், காது மடலில் மாட்டுவது உட்பட.

செய்யவில்லை. உனக்குத்தான் ஞாபகம் இருக்கிறதே, அது போதும் என்றேன். படத்தை அப்படியே தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். பிளாஸ்டிக் பையும் மீன் கறையும் கண்ணாடியுமாக, எதையும் கழுவாமல்.

இப்போதும் சொல்கிறேன், இந்தக் கடற்கரையில் என்னைவிடச் சுத்தமாகப் பிராம்ப்ட் எழுத ஆள் கிடையாது. மண்டபத்தில் போடாவிட்டால் என்ன, வீட்டில் பார்ப்பதற்குக் கேட்டு வருகிறார்கள். வருகிறவர்களிடம் அசல் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, இது யார் கை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒவ்வொரு கையாகக் கேட்கிறேன். தெரியாது என்று சொன்னால் அந்தப் படத்தை நான் தொடுவதில்லை. பிரகாசிக்கு வயசாகிவிட்டது, நொட்டை சொல்கிறாள் என்று போட்டிக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

அன்றைக்கு மூன்று பேரும் படியிறங்கியபோது வெளியே நல்ல வெயில். ரியோனா கண்ணாடியை மாட்டிக்கொண்டது. டெல்பின் முதலில் ரோட்டில் இறங்கி நின்று, மகள் பக்கம் கையை நீட்டினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்தக் கைக்கு என்ன வேலை என்று ரியோனாவுக்குத் தெரிந்திருந்தது.